பதினாலாம் இலக்க விடைத்தாள்

“டீச்சர், நில்லுங்க! வழுக்குது, நில்லுங்க!”

பின்னாலிருந்து முஹ்ஸின் சேர் கத்தியது மழை இரைச்சலில் பாதிதான் கேட்டது. கிருஷ்ணகுமாரி நிற்கவில்லை. சேலையை முழங்காலுக்கு இழுத்துச் சொருகி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தேயிலைச் செடிகளின் வாதுகளைப் பிடித்துப் பிடித்து மலையேறினாள். கால் பெருவிரல் கல்லில் இடித்து இரத்தம் வந்தது. குனிந்து பார்க்கவும் நேரமில்லை.

அந்த மனுசன் வந்து சேர்வதற்கு இரண்டு நிமிடமாவது முன்னால் பழைய பிள்ளைக் காம்பராவுக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

கஹவத்தையிலிருந்து நாலு மைல் மேலே உள்ள தோட்டத்தின் கீழ்ப்பிரிவு அது. மணி மூன்றே கால். நாலாம் ஆண்டில் படிக்கிற ஷாமிளாவைக் காணவில்லை. ஒன்பது வயது. காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டையும் சிவப்பு ரிப்பனுமாக லயத்தைவிட்டுக் கிளம்பியவள். கொழுந்து நிறுத்துவிட்டு மத்தியானம் திரும்பிய அவள் அம்மா மூக்காயி, மூடி வைத்த சோறு மூடியபடியே இருப்பதைப் பார்த்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தாள்.

பள்ளிக்கூடத்தில் கிடைத்த பதில் அவளைக் கலக்கிவிட்டது. வரவு இடாப்பில் ஷாமிளாவின் பெயருக்கு நேரே ‘வந்தாள்’ என்பதற்கான கோடு பளிச்சென்று இருந்தது. போதாததற்கு முஹ்ஸின் சேரே சாட்சி சொன்னார்.

“என்ட கண்ணால கண்ட புள்ள அது. ரெண்டாவது வாங்குல, சன்னலோரம். பதினாலாம் நம்பர் பேப்பர நான்தான் கையில குடுத்தேன். பதினொன்றரைக்குச் சோதின முடிஞ்சி, மத்தப் புள்ளைகளோட சிரிச்சிக்கிட்டு எறங்கிப் போச்சு.”

முஹ்ஸின் சேர் பொய் சொல்லத் தெரியாத ஆள். இரத்தினபுரிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறவர். நாலாம் ஆண்டுத் தேசிய மதிப்பீட்டை நடத்த அன்றைக்குத்தான் இந்த மலைக்கு வந்தார். பாதையில் மண் சரிந்து பஸ் வராததால் போக முடியாமல் மாட்டிக்கொண்டார். அவர் சொன்னதை நம்பித்தான் ஊரே கீழே ஓடியது. பள்ளிக்கூடத்திலிருந்து லயத்துக்குப் போகிற குறுக்குப் பாதையில், தோட்ட எல்லையில், யாரோ தோண்டிக் கைவிட்ட மாணிக்கக் குழிகள் மூன்று இருக்கின்றன. மே மாத வெள்ளத்தில் நிறைந்தவை இன்னும் வற்றவில்லை.

கிருஷ்ணகுமாரி மட்டும் மேலே ஓடினாள். “பொம்பள தனியா மழையில போக வேணாம்” என்று குடையைத் தூக்கிக்கொண்டு முஹ்ஸின் சேரும் பின்னாலேயே வந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் காரணம் இல்லை.

பழைய பிள்ளைக் காம்பராவின் கதவு பாதி திறந்திருந்தது. லயத்துப் பக்கம் புதிது கட்டிய பிறகு, கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் குழந்தைகளை இங்கே விடுவதை நிறுத்தி ஐந்து வருடமாகிறது. தொட்டில் கட்டும் இரும்புக் கொக்கிகள் மட்டும் உத்தரத்தில் வரிசையாகத் தொங்கின.

“ஷாமிளா! ஏய், ஷாமிளா! எங்கடி இருக்க?”

தகரத்தில் மழை விழுகிற சத்தம் தவிர எதுவும் இல்லை. அதற்குள் முஹ்ஸின் சேர் மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

“இந்தப் பக்கம் எப்பிடி டீச்சர் புள்ள வரும்? வீட்டுக்குக் கீழ்ப்பாததானே?”

“சும்மா… சில நேரம் வெளையாட வருவாளுக சேர்.”

சொல்லிக்கொண்டே திரும்பியவள் அதைப் பார்த்தாள். சன்னல் திண்டில், நாலாக மடித்து வைத்த ஒரு பழைய பேப்பர் துண்டு. ரொட்டி சுற்றி வந்தது. துகள் இன்னும் ஒட்டியிருந்தது. தின்றுவிட்டுக் கசக்கிப் போடாமல் மடித்து வைக்கிற பிள்ளை அந்த வகுப்பில் ஒருத்திதான்.

அவள் கை தானாக நீண்டு அந்தப் பேப்பரைப் பொத்திக்கொண்டது.

“என்ன டீச்சர் அது?”

“ஒண்ணுமில்ல சேர். குப்ப.”

சொன்ன பிறகுதான் நாக்கு சுட்டது. ஒரு பிள்ளையின் உயிருக்கு இருக்கிற ஒரே தடயத்தைக் கைக்குள் வைத்துக்கொண்டு, குப்பை என்கிறாள். அப்படியே கீழே இறங்கினாள்.

நடந்தது இதுதான்.

பத்து நாளைக்கு முன்னால் சுற்றுநிருபம் வந்தது. நாடு முழுவதும் ஒரே நாளில், ஒரே மணிக்கு, ஒரே கேள்வித்தாள். கொழும்புப் பிள்ளைக்கும் அதுதான், கடற்கரைப் பிள்ளைக்கும் அதுதான், கஹவத்தை மலையில் இருக்கிற பிள்ளைக்கும் அதுதான். சுற்றுநிருபத்தின் முதல் பக்கம் தமிழில் இருந்தது. மற்ற மூன்று பக்கமும் சிங்களம்.

பள்ளிக்கூடத்து அதிபர் ஞானசேகரம் வடக்கே சாவகச்சேரிக்காரர். பதினொரு வருடமாக இடமாற்றத்துக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறவர். அவருக்குச் சிங்களம் எழுத்துக் கூட்டவும் வராது. கிருஷ்ணகுமாரி கஹவத்தைச் சந்தையில் சிங்களத்தில் பேரம் பேசினால் கடைக்காரன் தோற்றுப்போவான். ஆனால் வாசிக்கச் சொன்னால் அவளும் ஊமைதான். பேச்சு காதால் வந்தது, எழுத்து யாரும் சொல்லித் தரவில்லை. கிராமத்தில் யாரிடமாவது காட்டிக் கேட்டிருக்கலாம். ஒரு அதிபரும் ஆசிரியையும் அரசாங்கக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போய் வாசித்துக் காட்டச் சொல்வதா? இரண்டு பேருக்கும் வெட்கம். கோப்பில் போட்டு மூடிவிட்டார்கள்.

வாசிக்காத மூன்று பக்கத்தையும் வதந்தி நிரப்பியது. பெல்மதுளையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் தேநீர் இடைவேளையில் ஒருத்தர் சொன்னார்: புள்ளி குறைந்த சின்னப் பள்ளிக்கூடங்களை மூடி, பெரிய பள்ளிகளோடு சேர்க்கப் போகிறார்களாம். இரண்டே நாளில் லயம் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. அடுத்த தமிழ்ப் பள்ளி ஐந்து மைல் தள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம். மூடினால் நூற்றி எழுபது பிள்ளைகளில் பாதிப் பேர் அடுத்த நாளே கொழுந்துக் கூடையைத் தூக்கிவிடுவார்கள்.

சுற்றுநிருபத்தோடு கூடவே வந்தது மாதிரி வினாத்தாள். முதல் கேள்வி படம். ஓட்டுக் கூரை, முன்னால் பூமரம், சுற்றி வேலி. ‘இது என்ன?’ இருபத்திமூன்று பேரில் பதினேழு பேர் ‘பங்களா’ என்று எழுதினார்கள். தனியாக, பூமரமும் வேலியுமாக அந்தத் தோட்டத்தில் நிற்பது துரை பங்களா ஒன்றுதான். மற்றவர்கள் இருப்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள் அடுக்கிய லயம், அந்த அறைக்குப் பெயர் காம்பரா. அடுத்த படம் கிணறு. மேலே உருளையும் கயிறும் வரைந்திருந்தார்கள். ஒன்பது பேர் ‘மாணிக்கக் குழி’ என்று எழுதினார்கள்.

விடைக்குறிப்பில் வீடு என்றும் கிணறு என்றும்தான் இருந்தது. அதே லயத்தில் பிறந்து, அதே மலைப் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்த கிருஷ்ணகுமாரி, சிவப்புப் பேனாவால் வரிசையாகப் பிழை போட்டாள்.

ஷாமிளாதான் எழுந்து நின்று கேட்டாள்.

“டீச்சர், பங்களாவும் வீடுதானுங்களே? அதுலயும் ஆளுக இருக்காங்கதானே?”

“பேப்பர்ல வீடுன்னுதான் இருக்கு. நீ சொல்றதக் கேட்டா கொழும்புல புள்ளி போடப் போறாங்க? ஒக்காரு, பெரிய துரைசாணி.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பிள்ளையும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பின்னேரம் ஞானசேகரம் கூப்பிட்டார். “பிள்ளை, எல்லாப் பள்ளிக்கூடமும் செய்யிறதுதான். கடைசி மூண்டு பேரை அண்டைக்கு வரவேண்டாம் எண்டு சொல்லும். ஆறாம் ஆண்டிலை சின்ன உருவமா மூண்டு பேரை எடுத்து இருத்துவம். வாறவருக்கு எங்கட பிள்ளையளைத் தெரியாது. ஆர் ஆர் எண்டு நீரே பாரும்.”

அவள் பார்த்தாள். மூன்று பெயர் எழுதிக் கொடுத்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய்மாரிடம் முதல் நாளே சொல்லிவிட்டாள். அவர்கள் பிள்ளைகளைக் கொழுந்து மலைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். மூன்றாவது பெயர் ஷாமிளா. அந்த வீட்டில் மட்டும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

சோதனை நாள் காலை ஏழே காலுக்கு, எல்லோருக்கும் முந்தி, புதுப் பென்சிலும் கையுமாக ஷாமிளா படியேறி வந்தாள். தூரத்தில் முஹ்ஸின் சேரின் முச்சக்கர வண்டி மேட்டில் முனகிக்கொண்டிருந்தது.

“அடியே, இங்க வா. இன்னைக்கி நீ எழுத வேணாம். பழைய புள்ளக் காம்பராவுக்குப் போயிரு. அந்தச் சேர் போற வரைக்கும் அவரு கண்ணுல படவே கூடாது. அவரு போனதும் நானே வந்து கூப்புடுறேன். வெளங்குதா?”

ஏன் என்று அவள் கேட்கவில்லை. பென்சிலைப் பையில் போட்டாள். “சரிங்க டீச்சர்” என்றாள்.

அவள் இடத்தில் ஆறாம் ஆண்டு ஜெயந்திமலர் உட்கார்ந்து எழுதினாள். வெளியே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று வகுப்புப் பிள்ளைகளிடம் கிருஷ்ணகுமாரி சோதனைக்கு முன்பே சொல்லி வைத்திருந்தாள். எல்லாம் மளமளவென்று நடந்து முடிந்தது. அதே வகுப்பில் படிக்கும் கிருஷ்ணகுமாரியின் மகள் தர்ஷிகா ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். “அம்மா, அதே வீட்டுப் படம் வந்துச்சு! வீடுன்னு எழுதிட்டேன்!” அந்தச் சந்தோசத்தில் மகளுக்குக் கடையில் தின்னப் பனிஸ் வாங்கிக் கொடுத்து, மழைக்கு முன் குவாட்டர்ஸுக்கு அனுப்பி, ஞானசேகரத்தோடும் முஹ்ஸின் சேரோடும் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டு…

மூக்காயி வந்து வாசலில் நின்றபோதுதான் ஞாபகம் வந்தது.

மறந்துவிட்டாள். ஒரு பிள்ளையை ஒளித்து வைத்துவிட்டு, சுத்தமாக மறந்துவிட்டாள்.

குழியடியில் முப்பது நாற்பது பேர் நின்றார்கள். நடுக் குழியின் தண்ணீர் மேல் ஒரு நீல ரப்பர் செருப்பு மிதந்தது. பிள்ளை அளவுச் செருப்பு.

“எம் புள்ள செருப்புதான்! நான்தான் வாங்கிக் குடுத்தேன்!” என்று மூக்காயி மாரில் அடித்துக்கொண்டாள். தோட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே கடையில் அதே நீலச் செருப்புதான் என்று யார் அவளுக்குச் சொல்வது?

பக்கத்துச் சிங்களக் கிராமத்திலிருந்து குணபால தண்ணீர் இறைக்கும் மோட்டரைக் கொண்டுவந்து போட்டிருந்தான். “நங்கி, பய வென்ட எபா” என்று, பயப்படாதே தங்கச்சி என்று, மூக்காயிக்குத் திரும்பத் திரும்பச் சொன்னான். ஆனால் அவன் கண் குழியின் சுவரிலேயே இருந்தது. மண் தாங்கும் மரச் சட்டங்கள் எப்போதோ கழன்றுவிட்டன. தண்ணீர் இறங்க இறங்க ஈரச் சுவர் பாளம் பாளமாக விழுந்தது.

ஷாமிளாவின் அப்பா வேலுசாமி இடுப்பில் கயிற்றோடு மேலே வந்தார். உடம்பெல்லாம் சேறு. பேசாத மனுசன். மூன்றாவது தடவை முங்கியிருக்கிறார்.

“கை எட்டல. இன்னொருக்கா எறங்குறேன்.”

“எபா, வேலு, எபா!” குணபால கயிற்றை இழுத்துப் பிடித்தான். “செவரு வருது, பாரு! உள்ள இருக்கப்ப விழுந்தா நீயும் முடிஞ்ச!”

“எம் புள்ள உள்ள இருக்குய்யா.”

கிருஷ்ணகுமாரியின் கைக்குள் பேப்பர் நனைந்து கூழாகிக்கொண்டிருந்தது. ஞானசேகரம் அவள் முழங்கையைத் தொட்டு அந்தப் பக்கம் கூட்டிப் போனார். முகம் வெளுத்திருந்தது.

“பிள்ளை, அந்தப் பெட்டை காலமை எங்கை போனவள்?”

“பழைய புள்ளக் காம்பராவுல இருக்கச் சொன்னேன் சேர். இப்ப அங்கயும் இல்ல.”

“ஐயோ முருகா.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அங்கையிருந்து வீட்டை போக வெளிக்கிட்டாலும் இந்தப் பாதையாலைதானே வரவேணும்? அப்ப இஞ்சை தேடுறதும் பிழையில்லை. என்ன? நாங்கள் சொன்னாலும் சொல்லாட்டிலும் தேடுறது ஒண்டுதான். வாயைத் திறவாதையும். என்ர பென்சனை விடும். பள்ளிக்கூடமே போயிடும்.”

நியாயம் போலத்தான் இருந்தது. அவளும் தலையாட்டினாள். ஆமாம், தலையாட்டினாள். வேலுசாமி நாலாவது தடவையாகக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே ஆட்டினாள்.

மூக்காயி புருசனின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எங்கயும் போகாதேய்யா எம் புள்ள! சொன்ன சொல்லு தட்டாதே! போன மாசம் வெறகுக் கட்டுக்கிட்ட இரு, நான் வாறேன்னு சொல்லிட்டு மறந்து போயிட்டேன். இருட்டுற வரைக்கும் மழையில அங்கனயே நின்னுச்சே! அட்ட கடிச்சு காலெல்லாம் ரத்தம். ஏன்டி வரலன்னு கேட்டா, நீ வந்து கூப்புடுவேன்னுதானேம்மா சொன்னேங்குது! அது எப்புடி வழி மாறிப் போகும்?”

கிருஷ்ணகுமாரிக்கு உச்சந்தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது.

நானே வந்து கூப்பிடுகிறேன். அந்தச் சேர் கண்ணில் படவே கூடாது.

அவள் போய்க் கூப்பிட்டாள். ஆனால் யாரோடு போனாள்? அந்தச் சேர் குடையோடு பின்னாலேயே வந்தார். அவர் குரல் மலை முழுக்கக் கேட்டது. பிள்ளை எங்கேயும் போகவில்லை. அங்கேயேதான் இருக்கிறாள். டீச்சர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு மூச்சைப் பிடித்து ஒளிந்திருக்கிறாள்.

முஹ்ஸின் சேரை விட்டுவிட்டுத் தனியாக ஓடி, பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்து, விளையாடப் போன இடத்தில் கண்டேன் என்று ஒரு கதை சொல்லிவிடலாம். பதினைந்து நிமிட வேலை. இந்த யோசனையும் அவளுக்கு வந்தது. வந்ததை மறைக்க முடியாது. ஆனால் வேலுசாமியின் கால் அதற்குள் குழிக்குள் இறங்கிவிட்டது. குழியின் இடப்பக்கத்துச் சுவரில் ஒரு விரிசல் மெல்ல வாய் பிளந்தது.

“எறங்காதீங்க!”

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

“எறங்காதீங்கண்ணே! புள்ள அங்க இல்ல! இன்னைக்கி அவ சோதனயே எழுதல. நான்தான் எழுத வேணாம்னு சொல்லி பழைய புள்ளக் காம்பராவுக்கு அனுப்புனேன். சேர் பாத்தது ஷாமிளா இல்ல. ஆறாம் ஆண்டு ஜெயந்திமலர்!”

மோட்டர் மட்டும் டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேகத்தில் சொன்ன தமிழ் குணபாலவுக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் அது போதுமாக இருந்தது. ஒரே இழுவையில் வேலுசாமியை மேலே தூக்கிவிட்டான். கால் கரையேறியதும் இடப்பக்கச் சுவர் பொத்தென்று சரிந்து, நீலச் செருப்பை விழுங்கிக்கொண்டு உள்ளே போனது.

முஹ்ஸின் சேர் கிருஷ்ணகுமாரியைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவர் தன் இரண்டு கண்களையும் ஒரு தரம் தேய்த்துக்கொண்டார்.

“நான் பாத்தேன், பாத்தேன்னு அந்தத் தாய்க்கிட்ட எத்தன தடவ சொன்னேன்” என்றார். அவ்வளவுதான்.

இரண்டாவது தடவையாக மலையேறும்போது அவளுக்குப் பின்னால் பாதி லயமே வந்தது. வழியில் முஹ்ஸின் சேர் ஞானசேகரத்திடம் மெதுவாகக் கேட்டது அவள் காதில் விழுந்தது.

“ஏன் சேர் இப்பிடிச் செஞ்சீங்க? இது எந்தப் பள்ளிக்கூடத்துல குறை ஈக்கிதுன்னு பாத்து ஆசிரியர்மாரக் கூட்டிக் குடுக்கிறதுக்கு எடுக்கிற கணக்கு. புள்ளைட பேரு, பள்ளிட பேரு ஒண்டும் வெளிய வராது. மூணாம் பக்கத்துலயே ஈக்கே?”

ஞானசேகரம் ஒரு செடியின் வாதைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “மூண்டாம் பக்கம் சிங்களத்திலை இருந்தது” என்றார். பிறகு நின்றுவிட்டார். அதற்கு மேல் அவர் ஏறி வரவில்லை.

பிள்ளைக் காம்பராவின் வாசலில் கிருஷ்ணகுமாரி எல்லோரையும் நிறுத்தினாள். உள்ளே போய்க் கொக்கிகளுக்குக் கீழே நின்றாள்.

“ஷாமிளா. டீச்சர் வந்திருக்கேன். சோதன முடிஞ்சிருச்சு. சேருக்கு எல்லாம் சொல்லிட்டேன். அவரு கண்ணுல பட்டாலும் பரவாயில்ல. வெளிய வா, சாமி.”

மழைதான் பதில் சொன்னது. தப்புக் கணக்கா? கீழே மூடிக்கொண்ட அந்தக் குழியிலேயே…

பின்பக்கத்துப் பால் காய்ச்சும் அடுப்படியில் சாத்தி வைத்த தகரம் ஒன்று அசைந்தது. அடுப்புக்குக் கீழே, விறகு அடுக்கும் பொந்துக்குள்ளிருந்து, சாம்பல் பூசிய ஒரு முகம் எட்டிப் பார்த்தது. ரிப்பன் அப்படியே இருந்தது.

“டீச்சர், அந்தச் சேர் போயிட்டாருங்களா?”

அதே நொடி வாசலில் நின்ற முஹ்ஸின் சேரைப் பார்த்துவிட்டாள். விருட்டென்று தலையை உள்ளே இழுத்துத் தகரத்தைச் சாத்திக்கொண்டாள்.

முஹ்ஸின் சேர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மூக்காயிதான் தகரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு மகளை வெளியே இழுத்தாள். முதுகில் ஒரு அறை வைத்தாள். பிறகு அப்படியே கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேலுசாமி சேறு பூசிய கையை மகளின் வெள்ளைச் சட்டையில் வைக்கத் தயங்கி, தலையில் மட்டும் தொட்டார்.

“பசிக்குதும்மா” என்றாள் ஷாமிளா.

கூட்டம் மெல்லக் கலைந்தது. ஒருத்தரும் கிருஷ்ணகுமாரியை ஏசவில்லை. ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவுமில்லை. முஹ்ஸின் சேர் மட்டும் பக்கத்தில் வந்தார்.

“டீச்சர், நான் இத எழுதத்தான் வேணும்.”

“எழுதுங்க சேர்.”

“பதினாலாம் நம்பர் மட்டுமில்லதானே?”

“மூணு பேரு சேர். மூணையும் எழுதுங்க.”

அவர் தலையசைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். வேலுசாமி மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். மூக்காயி எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிருஷ்ணகுமாரியின் முன்னால் வந்து நின்றாள். அறைவாள் என்று நினைத்துக் கிருஷ்ணகுமாரி கண்ணை மூடிக்கொண்டாள். அறைந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள்.

“மனசுல வச்சிக்காதீங்க டீச்சர்” என்றாள் மூக்காயி. “நீங்க என்ன பண்ணுவீங்க. ஸ்கூலக் காப்பாத்தத்தானே செஞ்சீங்க. எம் புள்ளைக்குப் படிப்பு ஏறல. நான் ஒரு எழுத்து படிச்சிருந்தா வீட்டுல சொல்லிக் குடுத்திருப்பேன். எங்களாலதான் ஒங்களுக்கு இம்புட்டுத் தல குனிவு. நல்ல வேல, உண்மையச் சொல்லி எம் புருசன் உசுரக் காப்பாத்துனீங்க. ஒங்க வேலைக்கி ஏதும் வந்துச்சுன்னா நாங்க அத்தன பேரும் வந்து பேசுறோம்.”

கையெடுத்துக் கும்பிட்டாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். கேட்கவேண்டியவர்களே மன்னித்துவிட்டார்கள். ஊர் முன்னால் உண்மையைச் சொன்னவள் என்ற பெயரும் கிடைத்தாயிற்று. வேலுசாமி மகளோடு வாசலைத் தாண்டிவிட்டார். அவர் தோளில் முகத்தைச் சாய்த்திருந்த ஷாமிளா, டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். சொன்னபடி இருந்தேனா என்று கேட்கிற சிரிப்பு.

“மூக்காயிக்கா, நில்லுங்க.”

கிருஷ்ணகுமாரி கைப்பையைத் திறந்தாள். மாதிரிச் சோதனையின் புள்ளிப் பட்டியலை வெளியே எடுத்தாள். இத்தனை நாளாக வேறு யாருக்கும் காட்டாமல் பைக்குள்ளேயே வைத்திருந்த தாள். மூக்காயிக்கு வாசிக்கத் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் விரித்து அவள் முன்னால் நீட்டினாள்.

“ஒங்க புள்ளைக்குப் படிப்பு ஏறலன்னு இன்னொரு வாட்டி சொல்லாதீங்க. இருபத்திமூணு பேர்ல ஷாமிளா பன்னெண்டாவது. எழுந்திரிச்சுக் கேள்வி கேக்குற ஒரே புள்ள அதுதான்.”

மூக்காயிக்கு விளங்கவில்லை. “அப்ப ஏன் டீச்சர் அதப் போயி…?”

கிருஷ்ணகுமாரியின் விரல் தாளின் அடிக்கு இறங்கி, கடைசியிலிருந்து மூன்றாவது பெயரில் நின்றது. அந்தப் பெயரின் மேல் நீல மையால் ஒரு கோடு அடித்திருந்தது.

“இந்த மூணாவது பேரு தர்ஷிகா. எம் மக. அத வெட்டிட்டுத்தான் ஒங்க புள்ள பேர எழுதிக் குடுத்தேன். மத்தவுக வீட்டுல எல்லாம் ஏன்னு கேட்டு வந்துருவாங்க. நீங்க ரெண்டு பேரும் வந்து கேக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்க்கா.”